அமீனா வந்தால் கதவைத் திறங்கள்

கோர்ட்டுக் காகிதத்தைக் கையில் வாங்காத வரைக்கும் கேஸ் தன்மேல் ஏறாது என்று நம்புகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் ஏராளம். அப்படிப்பட்டவர்களின் வாசலில் நின்று நின்றே நான் ஓய்வூதியக்காரன் ஆனேன். கும்பகோணம், பாபநாசம் வட்டாரத்து கோர்ட்டுகளில் அமீனா உத்தியோகம். அரசாங்கப் பதிவேட்டில் ‘கட்டளை நிறைவேற்றுநர்’ என்று போட்டிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. தெருவுக்குள் நுழைந்ததுமே ‘அமீனா வர்றாரு’ என்று திண்ணைக்குத் திண்ணை செய்தி போய்விடும். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு குழந்தையை வாசலுக்கு அனுப்பியிருப்பார்கள். “அப்பா ஊர்ல இல்ல.” உள்ளே அப்பா இருமுவது கேட்கும்.

அதில் எனக்குக் கோபம் வந்ததில்லை. பயத்தில் செய்கிற காரியம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டதால் அவருக்கு என்ன மிஞ்சியது என்பதையும் நானே பார்த்திருக்கிறேன். வாங்க மறுத்தால் சம்மன் நகலை வாசல் கதவில் ஒட்டுவேன். ஒட்டிய தேதி, நேரம், இன்னார் வீடு என்று அடையாளம் காட்டியவர் பெயர், பக்கத்தில் நின்ற சாட்சி பெயர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அசலை கோர்ட்டில் சேர்த்துவிடுவேன். தபாலில் வந்ததை ‘வாங்க மறுத்தார்’ என்று போஸ்ட்மேன் எழுதித் திருப்பினாலும் இதே கதைதான். கோர்ட்டைப் பொறுத்தவரை சம்மன் சார்வு ஆகிவிட்டது. வாய்தா அன்று பெயரைக் கூப்பிடுவார்கள்; ஆள் இருக்காது; எக்ஸ்பார்ட்டி. வழக்குப் போட்டவர் கேட்ட தொகை, கேட்ட வட்டி, கேட்ட செலவு பெரும்பாலும் அப்படியே டிக்ரியாகிவிடும். எதிர்த்துப் பேச ஆள் இல்லாத வழக்கில் நீதிபதி மட்டும் என்ன செய்வார்?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பணப் பிராது என்றால் புரோநோட்டு, சீட்டு, உரக்கடை பாக்கி. பிற்பாடு கிரெடிட் கார்டு வழக்குகள் வரத் தொடங்கின. வழக்குக்குப் போகிற வீடுகளின் முகமும் மாறியது. சொந்த வீடு, வாசல்படியில் கிரானைட், மாடியில் பாதி எழும்பி நிற்கிற ஓர் அறை. அந்த மாடியின் கம்பிக்கும் சிமெண்டுக்கும் கார்டைத் தேய்த்திருப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தேய்த்தவர்கள் உண்டு. முதல் கார்டின் பாக்கியை அடைக்க இரண்டாவது கார்டு வாங்கியவர்கள் அதைவிட அதிகம்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் ஏன் மீள முடியவில்லை என்று தெரியும். மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. ஒரு லட்சம் பாக்கி உள்ளவருக்கு மாத வட்டி 3,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630. குறைந்தபட்சத் தொகை என்று 5,000 கட்டினால் அசலில் கழிவது 870 ரூபாய்தான். அடுத்த மாதம் மளிகைக்கு மறுபடி அதே கார்டைத் தேய்த்தால் அந்த 870-ம் போச்சு. ஆண்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டினால் அது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே ‘வட்டி அநியாயம்’ என்ற ஒரே வாதத்தை நம்பி கோர்ட்டுக்குப் போகாதீர்கள்.

வீடு வைத்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. கிரெடிட் கார்டு கடனுக்கு அடமானம் கிடையாது. வசூலுக்கு வருகிற பையன் “நாளைக்கு வீட்டுக்கு சீல் வச்சிருவோம்” என்பான். வைக்க முடியாது. கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டைக் கையகப்படுத்தும் அதிகாரம் 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் உண்டு. அது வீட்டின்மேல் அடமானம் வாங்கியவருக்குத்தான். கார்டு வங்கி வழக்குப் போட்டு, டிக்ரி வாங்கி, அதன்பிறகு நிறைவேற்று மனு, அதாவது நம் பாஷையில் இ.பி., போட்டுத்தான் வீட்டின் பக்கம் வர முடியும். வரவே முடியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் ஒருவர் குடியிருக்கிற பிரதான வீட்டை, அதை அவர் அடமானம் வைக்காதவரை, பணக் கடனுக்கு ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் திருத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தத் திருத்தம் இல்லை. விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு மட்டும் பொதுச் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. மற்றவர்கள் வீடு டிக்ரிக்கு உட்பட்டதுதான்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தனியார் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து வேலை போனவர். நான் போனபோது அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். கதவைத் திறந்தது அவர் மனைவி. கையில் மாவு. “யாருங்கய்யா, என்ன பேப்பர்?” என்றார். உள்ளேயிருந்து அவர், “வாங்காதே, வாங்காதே” என்று குரல் கொடுத்தார். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். படிகளில் உட்கார்ந்து பிராது நகலை முதல் பக்கத்திலிருந்து படித்தார். 3,84,000 என்ற இடத்தில் விரல் நின்றது. திரும்பிப் பார்த்துக் கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “இன்னும் எத்தனை கார்டு இருக்கு?” இரண்டு என்றார் மனிதர். அவ்வளவு காலம் அந்த வீட்டில் எந்தத் தொலைபேசி அழைப்பு வந்தாலும் மாடிக்குப் போய்ப் பேசியதன் காரணம் அன்றைக்குத்தான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது.

மறுநாளே கோர்ட் வளாகத்துக்கு வந்துவிட்டார்கள். சட்டப் பணிகள் குழு அலுவலகம் எங்கே என்று என்னிடமே கேட்டார்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். வழக்கு கணவர் பெயரில் என்பதால் வரம்பைப் பார்த்தார்கள்; அதற்குள் வந்ததால் அவருக்கு வக்கீல் கிடைத்தார். வக்காலத்து விழுந்தது. கணக்கு விவரம் முழுவதையும் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். அவர் உண்மையில் செலவு செய்தது 1,60,000-ஐத் தாண்டவில்லை. மிச்சமெல்லாம் வட்டியும் தாமதக் கட்டணமும் அவற்றின் மேல் வரியும். லோக் அதாலத்தில் 2,10,000 என்று முடிந்தது, ஆறு தவணை. அந்த அம்மா மூன்று வளையலை விற்றார். அந்த மாடி அறை இன்னும் அப்படியேதான் நிற்கிறது, வீடு அவர்களுடையது.

அதே காலத்தில், அதைவிடச் சின்ன தொகைக்கு, வீட்டு வாசலில் தண்டோரா போட்டு ஜப்தி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். அந்த மனிதர் கடைசிவரை ‘ஊரில் இல்லை.’

சம்மன் கைக்கு வந்ததும் முதலில் எந்த வகை வழக்கு என்று பாருங்கள். சாதாரணப் பணப் பிராது என்றால் 30 நாளுக்குள் எதிர்வாதவுரை கொடுக்க வேண்டும். காரணம் சொன்னால் கோர்ட் 90 நாள் வரை அவகாசம் தரும். ‘ஆர்டர் 37’ என்று போட்டிருந்தால் நிலைமை அவசரம். அது சுருக்க வழக்கு. சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். அதன்பிறகு வாதாடுவதற்கே கோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டும். அதற்கும் 10 நாள்தான். முதல் 10 நாள் தவறினால் பிராதில் சொன்னதெல்லாம் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது என்று பிந்தித் தெரிந்தாலும் மனு போட்டு நீக்கலாம், அதற்கு 30 நாள். சம்மன் முறையாக வரவே இல்லை என்றால் டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள் ஓடும். வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பிராதைப் படிக்கும்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போட்டது வங்கியா, வங்கியிடம் கடனை வாங்கிய வேறு கம்பெனியா? வேறு கம்பெனி என்றால் கடன் அவர்களுக்கு மாறிய பத்திரம் எங்கே? கணக்கு முதல் மாதத்திலிருந்து இருக்கிறதா, கடைசித் தொகையை மட்டும் காட்டுகிறார்களா? கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டிருக்கிறது. போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியாகப் பணம் கட்டிய தேதி எது? பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். கொரோனாவை முன்னிட்டு 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கணக்கில் சேர்க்காமல் விட்டதையும் நினைவில் வையுங்கள்.

இந்த 3 ஆண்டு விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. “சும்மா ஒரு 500 ரூபாய் போடுங்க சார், கேஸ் போகாம பாத்துக்கறேன்” என்பார் வசூல்காரர். காலக்கெடுவுக்குள் அப்படி ஒரு தொகை கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு. காலம் கடந்துபோன கடனைக்கூட ‘தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்தக் காகிதத்தை வைத்தே வழக்குப் போட முடியும். கொடுக்க வேண்டிய கடனைக் காலம் தாழ்த்தி ஏய்க்கச் சொல்லவில்லை. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள் என்கிறேன்.

ஜெயில் பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பாதிப் பேரின் வாயை அடைப்பது அதுதான். கார்டு பாக்கி போலீஸ் வழக்கு அல்ல. கொடுத்த செக் திரும்பினாலோ வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினாலோ அது குற்றவியல் கோர்ட்டுக்குப் போகும். அந்த சம்மனை அலட்சியம் செய்தால்தான் வாரண்ட். சிவில் டிக்ரிக்குக் கைது என்று ஒன்று சட்டப் புத்தகத்தில் உண்டுதான். ஆனால் 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ண அய்யர் தெளிவாக எழுதிவிட்டார்: பணம் இல்லாதவனை இல்லாத காரணத்துக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது, வைத்துக்கொண்டே கெட்ட எண்ணத்தோடு கொடுக்காமல் இருந்தால்தான். பெண்களைப் பண டிக்ரிக்குக் கைது செய்யவே முடியாது. வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. அதே விவகாரம் கோர்ட்டில் நடக்கிறது என்றால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால் அதை முன்கூட்டியே செய்ய வேண்டும்.

தொட முடியாதவையும் இருக்கின்றன. ஜப்திக்குப் போன வீடுகளில் சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, பெண்ணின் கழுத்துத் தாலி இவற்றை நாங்கள் தொட முடியாது. தொழில் செய்கிறவரின் கைக்கருவிகளையும் அப்படியே. அரசு ஓய்வூதியம், பிஎஃப், ஆயுள் காப்பீட்டுப் பணம் ஆகியவையும் ஜப்திக்கு வெளியே. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாப்பு. 25,000 வாங்குகிறவருக்கு 17,000 வீட்டுக்கு வந்தாக வேண்டும். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் கடன்காரரின் பாகம் மட்டுமே ஜப்திக்கு வரும். அண்ணன் தம்பி பிரிக்காத பூர்வீக வீடும் அதே மாதிரி. மற்றவர்கள் கோர்ட்டில் மனு போட்டுத் தங்கள் உரிமையைச் சொல்ல வேண்டும், தானாக யாரும் ஒதுக்கித் தர மாட்டார்கள்.

இனி, வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று வீட்டைத் தொலைக்கிற வழிகள். முதலாவது, சம்மன் வந்த கையோடு வீட்டை மனைவி பெயருக்கோ மச்சான் பெயருக்கோ செட்டில்மென்ட் எழுதுவது. பத்திர ஆபீஸ் வாசலில் இதை யோசனையாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். கடன் கொடுத்தவரை ஏய்க்க எழுதிய பத்திரம் என்று சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவில் அதை உடைக்கலாம். ஜப்திக்குப் பிறகு எழுதினால் ஜப்திதாரரை அது கட்டுப்படுத்தவே கட்டுப்படுத்தாது. பத்திரச் செலவும் போய், ‘நேர்மையில்லாதவர்’ என்ற பெயரும் கோர்ட்டில் நிலைத்துவிடும். அதன்பிறகு தவணை கேட்டால் யார் இரங்குவார்கள்?

இரண்டாவது, கார்டுக் கடனை அடைக்க வீட்டை அடமானம் வைப்பது. இதில் எனக்கு அபிப்பிராயம் பலமானது. நிலையான வருமானம் இருப்பவருக்கு 42 சதவீதத்தை விட்டுக் குறைந்த வட்டிக்கு மாறுவது நல்ல யோசனைதான். வேலை போய் உட்கார்ந்திருப்பவர் அதைச் செய்தால், கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் அலைந்தால்தான் வீட்டைத் தொடலாம் என்றிருந்த கடனை, 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டை எடுத்துக்கொள்ளக் கூடிய கடனாகத் தன் கையாலேயே மாற்றுகிறார். மூன்றாவது, மஞ்சள் கடுதாசி, அதாவது திவால் மனு. ஐ.பி. கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று பேசுவார்கள். சொத்தில்லாதவனுக்கு அது சரி. வீடு உள்ளவர் திவாலானதாக அறிவிக்கப்பட்டால் வீடு கோர்ட்டின் ரிசீவர் வசம் போய்விடும்.

சில வங்கிகள் கோர்ட்டுக்குப் பதில் மத்தியஸ்தருக்கு, ஆர்பிட்ரேட்டர் என்பார்களே, அவருக்கு அனுப்பிவிடும். வெளியூர் முகவரியிலிருந்து நோட்டீஸ் வரும், வாட்ஸ்அப்பில்கூட வரும். போலி என்று பலர் அழித்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பையும் கோர்ட் டிக்ரி மாதிரியே நிறைவேற்றலாம். வங்கி தானாகவே ஒருதலையாக மத்தியஸ்தரை நியமித்திருந்தால் அது செல்லாது என்று 2019-லிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லி வருகிறது. ஆனாலும் அதை நீங்கள் எழுத்தில் ஆட்சேபித்துவிடுவது நல்லது.

கொடுக்க வேண்டிய கடன் நியாயமானது, பணம்தான் இல்லை என்றால் மறைக்காமல் அதையே கோர்ட்டில் சொல்லுங்கள். டிக்ரி போடும்போதே தவணையில் கட்ட உத்தரவிடும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. டிக்ரி ஆன பிறகு கேட்டால் வங்கி சம்மதித்தால்தான் நடக்கும். டிக்ரி தேதிக்குப் பிந்தைய வட்டி சாதாரணமாக 6 சதவீதம். அதற்கு மேல் போகாமலிருக்க, இது வீட்டுச் செலவுக் கடன், வியாபாரக் கடன் அல்ல என்று வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும். லோக் அதாலத்துக்கு வந்தால் வங்கி அதிகாரிகள் தள்ளுபடிக்கான அதிகாரத்தோடு வருவார்கள். வங்கி கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதால் அவர்களுக்கும் முடிக்க ஆசை. அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. ஆகையால் பேரத்தின் வேகத்தில் தாங்க முடியாத தவணையை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தவணை தவறினால் தள்ளுபடி ரத்து, முழுத் தொகையும் திரும்ப வரும் என்று கீழே ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிபிலில் ‘செட்டில்டு’ என்று ஏறும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். வீடு நிற்கும்போது அது பெரிய விஷயமில்லை என்பது என் எண்ணம்.

இ.பி. வரை போய்விட்டாலும் பேச இடம் இருக்கிறது. 4 லட்சம் டிக்ரிக்கு 40 லட்சம் பெறுமான வீட்டை முழுதாக ஏலம் விடக் கூடாது. கடனுக்குப் போதுமான பாகத்தை மட்டும் விற்கத்தான் ஆர்டர் 21, விதி 64 சொல்கிறது. பக்கத்துக் காலிமனையோ தனியாகப் பிரியும் கடையோ இருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். நானே விற்றோ அடமானம் வைத்தோ கட்டுகிறேன், ஏலத்தைத் தள்ளிவையுங்கள் என்று கேட்கலாம். ஏலமே முடிந்துவிட்டாலும் 60 நாளுக்குள் டிக்ரித் தொகையையும் ஏலம் எடுத்தவருக்கு 5 சதவீதத்தையும் கட்டி வீட்டை மீட்கலாம். ஆனால் ஏல அறிவிப்புக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடிய ஆட்சேபத்தை ஏலத்துக்குப் பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள். தண்டோரா சத்தம் கேட்டபோது உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதுதான் நேர்ந்தது.

டிக்ரிக்குப் பிறகு வங்கியில் நேராகப் போய்ப் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோர்ட்டுக்கு வெளியே கட்டியதை கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால் இ.பி. பார்க்கிற கோர்ட் அதைக் கணக்கில் எடுக்காது. வங்கி பதிவு செய்யவில்லை என்றால் கட்டிய 30 நாளுக்குள் நீங்கள் மனு போட வேண்டும். ‘நோ டியூ’ கடிதம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த ஒருவர், மகள் கல்யாணத்துக்கு மனையை விற்கப் போனபோது வில்லங்கத்தில் பழைய ஜப்தி அப்படியே நின்றது. வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டார். ஜப்தியை நீக்கி கோர்ட் போடும் உத்தரவின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அனுப்பினார்களா என்று நீங்களே போய் விசாரிக்க வேண்டும். சில வாரம் கழித்து வில்லங்கம் போட்டு, அந்தப் பதிவு ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கேஸ் கட்டைப் பரணில் போடுங்கள்.